ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் பைக்குகள்: பந்தயத் தளத்திலிருந்து நம் வீட்டு வாசல் வரை

நம் வீட்டுப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடித்துக் கல்லூரியில் சேரும்போது அத்தாவிடம் வைக்கும் முதல் கோரிக்கை பெரும்பாலும் பைக்தான். அவன் சொல்லும் பெயர்களைக் கவனித்தால் ஆர்15, ஜிக்ஸர், நிஞ்ஜா என்று வரும். பழைய வண்டிமேல் ஆசை உள்ளவன் என்றால் ஆர்எக்ஸ் 100 என்பான். இவை யாவும் ஜப்பானிய நிறுவனங்களின் வண்டிகள். நாம் விலையைக் கேட்கிறோம், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று கேட்கிறோம். அந்த வண்டி எதற்காக உருவானது, அதன் வேகம் எங்கிருந்து வந்தது, அந்த வேகத்தை நிறுத்த அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. இக்கட்டுரையில் அந்தக் கேள்விகளோடு ஜப்பானிய வேக பைக்குகளின் வரலாற்றைப் பார்ப்போம்.

தறி செய்தவரும் ஆர்கன் செய்தவரும்

டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே, பசிபிக் கடலோரத்தில் ஹமாமட்சு என்றொரு நகரம் இருக்கிறது. நம் மதுரையைப் போல அதுவும் நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். மிச்சியோ சுஸுகி என்பவர் 1909இல் அங்கே நெசவுத் தறிகள் செய்யும் தொழிலைத் தொடங்கினார். அதற்கும் முன்பு 1887இல், டொரகுசு யமஹா என்பவர் அவ்வூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பழுதான ஆர்கனைச் சரிசெய்யப் போனார். போனவர் அதன் உள் அமைப்பைப் பார்த்துத் தாமே ஓர் ஆர்கனைச் செய்துவிட்டார். யமஹா வண்டியின் டேங்க்கில் ஒட்டியிருக்கும் சின்னம் மூன்று இசைக்கவைகள் என்பது நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. சொய்சிரோ ஹோண்டாவும் இதே ஊரில்தான் 1946இல், போர் முடிந்து மிஞ்சிக் கிடந்த ராணுவ ஜெனரேட்டர் எஞ்சின்களைச் சைக்கிளில் பொருத்தி விற்றார். 1948இல் ஹோண்டா மோட்டார் கம்பெனி பிறந்தது. கவாசாகி மட்டும் கப்பலும் விமானமும் கட்டிய வேறொரு குடும்பம்.

இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பானுக்கு விமானம் கட்டத் தடை விதிக்கப்பட்டது. விமானப் பொறியாளர்களுக்கு வேலை இல்லை, இயந்திரங்களுக்கும் வேலை இல்லை. போரின்போது விமானத்துக்குப் புரொப்பெல்லர் செய்த இயந்திரங்கள் சும்மா கிடந்ததால்தான் இசைக்கருவி நிறுவனமான யமஹா பைக் தயாரிக்க இறங்கியது. 1955இல் வந்த அதன் முதல் வண்டி ஜெர்மனியின் டிகேடபிள்யூ வண்டியைப் பார்த்துச் செய்தது. அக்காலத்தில் ஜப்பானிய வண்டி என்றால் மலிவான நகல் என்றே ஐரோப்பியர்கள் நினைத்தார்கள்.

அந்த எண்ணத்தை மாற்ற ஹோண்டா விளம்பரத்தை நம்பவில்லை. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் இடையிலுள்ள ஐல் ஆஃப் மேன் தீவில், பொதுச் சாலைகளை அடைத்து ஆண்டுதோறும் ஒரு பந்தயம் நடக்கும். அதில் கலந்துகொள்ளப் போவதாக 1954இல் அறிவித்தார். ஐந்தாண்டுகள் கழித்து 1959இல் அவருடைய 125 சிசி வண்டிகள் அங்கே ஓடின. ஆறாவது இடம் கிடைத்தது. 1961இல் அதே தீவில் 125, 250 என இரு பிரிவுகளிலும் ஹோண்டா முதலிடம் பெற்றது. ஜப்பானிய நிறுவனங்களுக்குப் பந்தயத் தளம்தான் ஆய்வுக்கூடம். அங்கே உடைந்தது அடுத்த ஆண்டு பலப்படுத்தப்பட்டது, அங்கே நிலைத்தது சில ஆண்டுகளில் கடைக்கு வந்தது.

ஒரு வீரரின் ஓட்டமும் சைலன்சரின் வீக்கமும்

ஆர்எக்ஸ் 100 வண்டியின் அந்த ‘டர்ர்ர்’ சத்தத்துக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நாம் அதிகம் பார்க்கும் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில், எஞ்சின் இரண்டு சுற்று சுற்றினால் ஒருமுறைதான் பெட்ரோல் எரிந்து உந்துதல் கிடைக்கும். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் உந்துதல். எனவே அதே அளவு எஞ்சினில் அதிக சக்தி எடுக்கலாம். ஆனால் ஒரு பெரிய குறை இருந்தது. எரிந்த புகை வெளியேறும் அதே நேரத்தில் புதிய பெட்ரோல் கலவை உள்ளே வருவதால், புதியதில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு சேர்ந்து வெளியே போய்விடும்.

கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் இருந்த வால்டர் காடன் என்ற பொறியாளர் இதற்கு வழி கண்டார். புகைக்குழாயை நடுவில் அகலமாகவும் முடிவில் குறுகலாகவும் அமைத்தார். வெளியேறும் புகையின் அழுத்த அலை அந்தக் குறுகிய முனையில் மோதித் திரும்பும். திரும்பும் அலை, தப்பிப் போகும் புதிய கலவையை மீண்டும் எஞ்சினுக்குள் தள்ளிவிடும். மூடி போடாமலேயே வாசலை அடைத்தது போல. பந்தய டூ ஸ்ட்ரோக் வண்டியின் புகைக்குழாய் நடுவில் பருத்திருப்பது இதற்காகத்தான். குழாயின் நீளமும் அகலமும் குறிப்பிட்ட வேகத்துக்கு ஏற்ப அளந்து செய்யப்படுபவை. சத்தத்துக்காக அதை அறுத்து, உள்ளிருப்பதைப் பிடுங்கிப் போடும் பிள்ளைகள் சக்தியைக் கூட்டுவதாக நினைத்துக் குறைத்துக்கொள்கிறார்கள்.

காடனின் வண்டியை ஓட்டியவர் எர்ன்ஸ்ட் டெக்னர். 1961இல் உலகப் பட்டத்தை நெருங்கியிருந்த நேரத்தில், ஸ்வீடனில் நடந்த பந்தயத்திலிருந்து அவர் நாடு திரும்பவில்லை. குடும்பத்தை ரகசியமாக மேற்கு ஜெர்மனிக்கு வரவழைத்துக்கொண்டு சுஸுகியில் சேர்ந்தார். காடனின் நுட்பம் அவரோடு ஹமாமட்சுவுக்குப் போனது. மறு ஆண்டே, 1962இல், சுஸுகியின் 50 சிசி வண்டியில் டெக்னர் உலகப் பட்டம் வென்றார். இதை அறிவுத் திருட்டு என்பவர்களும் உண்டு, சர்வாதிகாரத்திலிருந்து தப்பிய ஒரு மனிதனின் பயணம் என்பவர்களும் உண்டு. எங்கள் பார்வையில் இரண்டிலும் உண்மை இருக்கிறது. அதே ஆண்டில் ஹோண்டா கட்டிய சுஸுகா பந்தயத் தளத்தில் ஒரு வளைவுக்கு இன்றும் டெக்னர் பெயர்தான். அவர் அங்கே விபத்துக்குள்ளானதால் வந்த பெயர் அது.

யமஹா தன் பங்குக்கு ‘ரீட் வால்வு’ என்ற மெல்லிய ஒருவழித் தகட்டைக் கலவை நுழையும் வாசலில் வைத்தது. உள்ளே போன கலவை பின்னோக்கி வராது. 1973இல் வந்த ஆர்டி 350 வண்டியில் இது இருந்தது. பிறகு ஆர்எக்ஸ் 100இலும் இருந்தது.

எஞ்சின் முந்தியது, பிரேக் பிந்தியது

1969ஆம் ஆண்டு முக்கியமானது. அந்த ஆண்டு ஹோண்டா சிபி750 வந்தது. நான்கு சிலிண்டர், 67 குதிரைத்திறன், மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் வேகம். அத்தோடு முன்சக்கரத்துக்கு ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். பெருமளவில் விற்கும் பைக்கில் அது அன்று புதுமை. இவ்வளவு ஓடும் வண்டியை நிறுத்த டிரம் பிரேக் போதாது என்று அதைச் செய்தவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

அதே ஆண்டில் கவாசாகி எச்1 என்ற 500 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டியை விட்டது. 60 குதிரைத்திறன், எடை குறைவு, விலையும் குறைவு, பிரேக் மட்டும் பழைய டிரம். நேர்ச்சாலையில் அதைப் பிடிக்க ஆளில்லை. வளைவில் ஓட்டியவன் பாடு திண்டாட்டம். அமெரிக்காவில் அந்த வரிசை வண்டிகளுக்குப் ‘பெண்களை விதவையாக்கும் வண்டி’ என்று பட்டப்பெயர் விழுந்தது. பின்னர் கவாசாகியும் டிஸ்க் பிரேக்குக்கு மாறியது.

அடுத்த முப்பது ஆண்டுகளில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுஸுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்750 (1985) அலுமினியச் சட்டத்தோடு, பந்தய வண்டியையே விளக்குப் போட்டுச் சாலையில் விட்டதுபோல் வந்தது. ஹோண்டாவின் ஃபயர்பிளேடு (1992) 893 சிசி எஞ்சினை வெறும் 185 கிலோ வண்டியில் வைத்தது. யமஹா ஆர்1 (1998) கியர்பாக்ஸின் தண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எஞ்சின் நீளத்தைக் குறைத்தது. 177 கிலோ எடை, 150 குதிரைத்திறன். 1999இல் சுஸுகி ஹயபுசா மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டியது. ஹயபுசா என்றால் ஜப்பானிய மொழியில் வேட்டையாடும் வல்லூறு. ஹோண்டாவின் ‘பிளாக்பேர்டு’, அதாவது கரும்பறவை, அப்போது வேகத்தில் முதலிடத்தில் இருந்தது. பெயர் வைத்தவரின் குறும்பு புரிகிறது. ஐரோப்பிய அரசுகள் தடை போட்டுவிடுமோ என்ற கவலையில், 2000ஆம் ஆண்டை ஒட்டித் தயாரிப்பாளர்களே 300 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொள்வதாகத் தங்களுக்குள் உடன்பட்டார்கள்.

ஓசூரில் சந்தித்த இரண்டு ஊர்கள்

இந்த ஓட்டம் நம் பக்கம் வந்தது 1980களில். அதுவரை நம் சாலைகளில் புல்லட், ராஜ்தூத், ஜாவா ஆகியவைதான். 1983இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் ஆர்டி 350ஐ ‘ராஜ்தூத் 350’ என்ற பெயரில் இங்கே தயாரித்தது. ஜப்பானில் 39 குதிரைத்திறன் கொடுத்த எஞ்சினை இங்கே சுமார் 30க்குக் குறைத்தார்கள். அப்போதைய புல்லட் 350 கொடுத்தது சுமார் 18தான் என்பதை நினைத்தால், குறைத்த பிறகும் அது நம் சாலைக்கு மிக அதிக வேகம். ஆனால் மூல வண்டியில் இருந்த முன்சக்கர டிஸ்க் பிரேக்கும் இங்கே டிரம்மாக மாறியது. ஜப்பானில் எச்1இல் கற்ற பாடம் இந்தியாவுக்கு வரும்போது வழியில் தொலைந்துவிட்டது.

மதுரைக்கு இந்த வரலாற்றில் நேரடிப் பங்கு உண்டு. டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் மதுரையில் தொடங்கிய போக்குவரத்துத் தொழிலின் வழிவந்ததுதான் டிவிஎஸ் குழுமம். நம் ஊர் டிவிஎஸ் நகர் அந்தப் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட் வந்தது. பிறகு அக்குழுமம் சுஸுகியோடு கூட்டு சேர்ந்து 1984இல் ‘இந்த்-சுஸுகி ஏஎக்ஸ் 100’ பைக்கைக் கொண்டு வந்தது. மதுரையின் பஸ் கம்பெனியும் ஹமாமட்சுவின் தறிப் பட்டறையும் ஓசூரில் சந்தித்தன என்று சொல்லலாம். 2001இல் இரண்டும் பிரிந்தன. அதன் பின் டிவிஎஸ் தானே வடிவமைத்த அப்பாச்சி வரிசையைப் பந்தயத் தளத்தில் ஓட்டிப் பார்த்து வளர்த்தது. ஜப்பானியர் செய்த அதே வழி.

1985இல் ஹீரோ ஹோண்டா சிடி100 வந்தது. அது சிக்கனத்துக்குப் பெயர் எடுத்தது. அதே ஆண்டின் இறுதியில் வந்தது யமஹா ஆர்எக்ஸ் 100. 98 சிசி, 11 குதிரைத்திறன், 103 கிலோ எடை. இந்த எண்கள் இன்று சிறிதாகத் தெரியும். ஆனால் 100 கிலோவுக்கு இத்தனை குதிரைத்திறன் என்று கணக்குப் போட்டால், தன்னைவிடப் பெரிய எஞ்சின் கொண்ட அன்றைய புல்லட்டுக்கு அது கிட்டத்தட்ட ஈடு கொடுத்தது. ஆக்சிலேட்டரைத் திருகியதும் வண்டி பாயும். அதுதான் அதன் மயக்கம். எண்ணெயையும் சேர்த்து எரிக்கும் டூ ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு மாசு விதிகள் இறுகியபோது, 1996இல் உற்பத்தி நின்றது. ஆனாலும் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பள்ளிவாசல் ஓரத்தில் பளபளவென்று துடைத்து நிறுத்திய ஓர் ஆர்எக்ஸ் 100ஐயும், அதைச் சுற்றி அது நின்றுபோன பிறகு பிறந்த வாலிபர்களையும் இன்றும் பார்க்கிறோம். லட்ச ரூபாய்க்கு மேல் பேரம் நடக்கிறது. அந்த விலை கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அந்த வண்டிக்கு இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். முப்பது வருடப் பழைய டிரம்.

2008இல் வந்த ஆர்15 இன்னொரு திருப்பம். 150 சிசி எஞ்சினுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி, ஆர்1 போன்ற உடலமைப்பு, பந்தய வண்டிகளுக்குரிய டெல்டாபாக்ஸ் சட்டம், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். 17 குதிரைத்திறன், 131 கிலோ. நடுத்தரக் குடும்பத்துப் பையன் தொடக்கூடிய விலையில் பந்தய வண்டியின் அமைப்பு முதன்முதலாகக் கிடைத்தது. ஆனால் திடீரென்று பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் அதில் இல்லை. 2011இல் ஹோண்டா சிபிஆர்250ஆர், டிவிஎஸ் அப்பாச்சி 180 ஆகியவற்றில் கூடுதல் பணம் கொடுத்தால் அது கிடைத்தது. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புதிய வண்டிகளுக்கும் அரசு அதைக் கட்டாயமாக்கியது 2019 ஏப்ரலில்தான். ஆர்15க்கும் அது அந்த ஆண்டில்தான் வந்தது. வேகம் வந்து முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து.

ஜப்பானியப் பெற்றோர் என்ன செய்தார்கள்?

இந்த வண்டிகளைச் செய்த நாட்டிலேயே பிள்ளைகள் சாலையில் செத்தார்கள். 1982இல் ஜப்பானில் 32 லட்சத்துக்கும் மேற்பட்ட இருசக்கர வண்டிகள் விற்றன. அதே ஆண்டில் அந்நாட்டு உயர்நிலைப் பள்ளிப் பெற்றோர்-ஆசிரியர் கூட்டமைப்பு ஓர் இயக்கத்தை ஏற்றது. அதன் பெயர் ‘மூன்று இல்லை’. பிள்ளையை உரிமம் எடுக்க விடாதே, வண்டி வாங்கிக் கொடுக்காதே, ஓட்ட விடாதே என்பதே அந்த மூன்று. ஹோண்டாவும் யமஹாவும் சுஸுகியும் பிறந்த மண்ணில் பெற்றோர்கள் எடுத்த முடிவு இது. பிற்காலத்தில் சில மாகாணங்கள், தடையைவிடப் பயிற்சியே பலன் தரும் என்று மாறிக்கொண்டன. வீட்டுக்குத் தெரியாமல் ஓட்டுபவனுக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்க முடிவதில்லை என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. நாமும் முழுத் தடையைப் பரிந்துரைக்கவில்லை.

அங்கே 400 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்குத் தனி உரிமம். 1996க்கு முன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அதைப் பெற முடியாது. அரசுத் தேர்வு மையத்தில் நேரே போய் ஓட்டிக் காட்ட வேண்டும், தேறியவர்கள் மிகக் குறைவு. புதிதாக உரிமம் பெற்றவர் ஓராண்டு வரை பின்னால் ஆள் ஏற்றக் கூடாது. தயாரிப்பாளர்களும் உள்நாட்டில் விற்கும் வண்டிகளுக்குச் சக்தி வரம்பு வைத்துக்கொண்டார்கள்: 250 சிசிக்கு 45, 400 சிசிக்கு 59, 750 சிசிக்கு 77 குதிரைத்திறன். உலகமெங்கும் முழு வேகத்தில் விற்ற வண்டியைத் தங்கள் ஊரில் கட்டிப்போட்டு விற்றார்கள் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

நம் சாலையும் நம் பிள்ளையும்

மதுரையைச் சுற்றிய சமவெளியில் சாலை நேராகவும் அகலமாகவும் போகிறது. மேலூர், திருமங்கலம் நான்குவழிச் சாலைகள், ரிங் ரோடு, 2023இல் திறந்த ஏழு கிலோமீட்டருக்கும் அதிகமான நத்தம் சாலை மேம்பாலம் எல்லாம் வேகத்துக்கு ஆசை காட்டுபவை. ஆனால் அதே சாலையில் பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் நிற்கும், அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும், எதிர்த்திசையில் டிவிஎஸ் 50 வரும். பந்தயத் தளத்தில் இவை எதுவும் கிடையாது. ரமலானில் தராவீஹ் முடிந்து ஸஹர் வரை விழித்திருக்கும் இரவுகளிலும், பெருநாள் இரவிலும் வெறிச்சோடிய சாலைக்கு நம் பிள்ளைகள் கூட்டமாகப் போவதை நாம் அறிவோம்.

ஒரு சிறு கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி, எதிரில் ஆபத்தைக் கண்டு பிரேக்கைத் தொட ஒரு நொடி ஆனால் அதற்குள் 17 மீட்டர் போய்விடும். நல்ல பிரேக், காய்ந்த சாலை என்றாலும் நிற்க இன்னும் 20 மீட்டர். மொத்தம் 37. அதே வண்டி 120இல் போனால்? முதல் நொடியில் 33 மீட்டர், பிரேக் பிடித்த பின் 79 மீட்டர், மொத்தம் 112. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். இது வண்டியின் விலையைப் பொறுத்து மாறுவதில்லை. வண்டியின் முகப்பு விளக்கு இரவில் அவ்வளவு தூரத்துக்குத் தெளிவாகக் காட்டாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பந்தயம்தான் ஆசை என்றால் அதற்கு இடம் இருக்கிறது. சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டைத் தளம் 1990 முதல் இயங்குகிறது. நம் சமுதாயத்தைச் சேர்ந்த சென்னை ஆர்.ஏ. அப்துல்லா தேசியப் பைக் பந்தயங்களில் பலமுறை பட்டம் வென்றவர். அவர் மகள் அலிஷா அப்துல்லா பைக்கிலும் காரிலும் பந்தயம் ஓட்டிப் பெயர் பெற்றவர். அங்கே தோல் உடை, முழு ஹெல்மெட், ஆம்புலன்ஸ், ஒரே திசையில் ஓட்டம் எல்லாம் உண்டு. அப்படி இருந்தும் 2023 ஆகஸ்டில் அதே தளத்தில் 13 வயதுச் சிறுவன் ஒருவன் பந்தயத்தில் உயிரிழந்தான். அதற்கடுத்த மாதம் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் ஹயபுசாவில் வீலிங் செய்து விழுந்த யூடியூபர் ஒருவரின் ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்கு ரத்தானது. அவர் உயிர் பிழைத்ததை மட்டும் பார்க்கும் பிள்ளைகள் அதிகம்.

சட்டம் பெற்றோர் மீதும் கை வைக்கிறது. 2019 திருத்தத்தின்படி, 18 வயது நிரம்பாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும், அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. உரிமம் இல்லாதவர் ஓட்டி மற்றொருவர் பாதிக்கப்பட்டால், இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலிக்க வழி உண்டு. ஆர்சி புக் பெரும்பாலும் அத்தாவின் பெயரில்தானே இருக்கிறது. 16 வயதில் கிடைப்பது 50 சிசிக்குட்பட்ட, கியர் இல்லாத வண்டிக்கான உரிமம் மட்டும். ஊர்ப் பட்டறையில் மாற்றிய சைலன்சருக்கும் தனி அபராதம் உண்டு.

வாங்குவதென்று முடிவானால் ஷோரூமில் சில விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள். ஏபிஎஸ் ஒரு சக்கரத்துக்கா, இரண்டுக்குமா? ஒரே வண்டிதான் வாங்க முடியும் என்ற வீட்டில், ஸ்போர்ட்ஸ் பைக்கின் சின்னஞ்சிறு பின்சீட்டில், தரையிலிருந்து அவ்வளவு உயரத்தில், அம்மா ஏறி உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா? ஷோரூமிலேயே ஒருமுறை உட்காரச் சொல்லிப் பார்த்துவிடலாம். செகண்ட் ஹேண்ட் என்றால் எஞ்சின் சத்தத்தை ரசிப்பதற்கு முன் இரண்டு பிரேக்கையும் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், டயரின் தயாரிப்பு வாரத்தைப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கமாக அச்சிட்டிருக்கும், 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஹெல்மெட்டுக்கான பணத்தை வண்டி விலையோடு சேர்த்தே ஒதுக்குங்கள், ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக இரண்டு. பின்னால் உட்காருபவருக்கும் சட்டப்படி அது கட்டாயம்.